முதல் பதிவு மட்டும் நிற்காது

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், "இந்த மென்பொருள் முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்று அச்சடித்த தாள் ஒன்று கையெழுத்துக்காக அவள் மேசைக்கு வந்தது. எல்லாரும் போட்டிருந்தார்கள்.

"நான் இன்னும் சோதிக்கலையே" என்றாள்.

"அட, எல்லாரும் போட்டாச்சும்மா."

"எல்லாரும் சோதிச்சாங்களா?"

"ரொம்ப கறாரா இருக்கியே!" என்று யாரோ சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் உரித்துப் போட முயலவில்லை. கேட்டால், "நல்ல பேருதானே" என்பாள்.

இந்தக் கறார்த்தனம் நேற்று முளைத்தது அல்ல. பள்ளியில் இடது கையால் எழுதியதற்காக அவள் விரல் முட்டியில் அடிக்கோல் விழுந்திருக்கிறது. "வலது கையால எழுதினா மட்டும் கணக்கு சரியா வருமா டீச்சர்?" என்று கேட்டதற்கு இன்னொரு அடி விழுந்தது. கேட்ட கேள்விக்கு அடி பதிலாகாது என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை வீங்கியது, கையை மாற்றவில்லை. வளர்ந்த பிறகு அடிக்கோல்கள் வேறு வேறு வடிவில் வந்தன. "வழக்கம் அப்படி", "மேலிடம் சொல்லிடுச்சு", "உனக்கு ஏன் வம்பு". காரணம் கேட்பதை மட்டும் அவள் விடவில்லை.

அவள் வேலை பார்த்த இடம் ஒரு தையல் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படிக்கட்டில் ஏறும்போதே தையல் எந்திரங்களின் கடகடப்பு காலில் ஏறும். இருபது பேர் உட்கார வேண்டிய அறையில் முப்பது பேர் முழங்கையை மடக்கிக்கொண்டு மென்பொருளுக்கான கோடு எழுதினார்கள். குழுவின் தலைவருக்குச் சமாளி என்று பெயர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும், "விடு, சமாளிச்சுக்கலாம்" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம். வாடிக்கையாளர் இருமினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு பேருந்து நிறுவனத்துக்கு அவர்கள் செய்துகொடுத்த செயலியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனத்தின் ஓட்டுநர்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு வர வேண்டும். பரிசோதிப்பவர் முதல் பக்கத்தில் ஓட்டுநரின் எண்ணை அடித்துத் தேடுவார். இரண்டாவது பக்கம் திறக்கும். அதில் அந்த ஓட்டுநரின் பெயரும், பார்வை, நிறம் ஆகியவற்றின் முடிவுகளை நிரப்பும் கட்டங்களும் இருக்கும். நிரப்பி, 'பதிவு செய்' என்பதை அழுத்தினால் முடிந்தது.

முதல் பக்கத்தில் தேர்ந்தெடுத்த ஆள் யார் என்பது இரண்டாவது பக்கத்துக்கு எப்படித் தெரியும்? வேலையின் உயிர்நாடியே இதுதான். கறார் அதை எழுதியபோது, பக்கத்தின் இணைய முகவரியிலேயே, கேள்விக்குறிக்குப் பின்னால், ஓட்டுநரின் எண்ணைச் சேர்த்து அனுப்பினாள். பக்கம் எங்கே போனாலும் எண் கூடவே போகும். உலாவியின் எந்த டேப்பில் திறந்தாலும், மூடித் திறந்தாலும், இது இன்னாருடைய பக்கம் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல இருக்கும்.

செய்துகாட்டிய அன்று பேருந்து நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். "மேல என்ன இது, வால் மாதிரி? அசிங்கமா இருக்கு. யாராவது அந்த நம்பரை மாத்திட்டா?"

சமாளிக்கு உடனே ஜலதோஷம் பிடித்தது. "எடுத்துடலாம் சார். செஷன்ல வெச்சுடலாம்."

செஷன் என்பது, செயலிக்குள் நுழைந்திருக்கும் ஆளுக்காக, தகவல்களைச் சேமிக்கும் மையக் கணினியான சர்வர் தன் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன அலமாரி. 'இப்போது தேர்ந்தெடுத்த ஓட்டுநர் இவர்' என்று அதில் ஒரே ஒரு எண்ணைப் போட்டு வைக்கலாம். முகவரி சுத்தமாக இருக்கும்.

அதிகாரி போன பிறகு கறார் சமாளியைப் பிடித்துக்கொண்டாள். "நம்பரை மாத்திடுவாங்கன்னு பயந்தா, இந்த ஆளுக்கு இந்தப் பக்கத்தைப் பாக்க உரிமை இருக்கான்னு சர்வர்ல சோதிக்கணும். அதை விட்டுட்டு நம்பரை ஒளிச்சு வெச்சா என்ன சார் பாதுகாப்பு? பூட்டு போடாம கதவுக்குத் திரை போடுற வேலை."

"அவங்க கண்ணுக்கு அழகா இருக்கணுமாம்மா."

"கீழ தையல் கடைல பாருங்க. ஒவ்வொரு துணியிலயும் அளவுச் சீட்டைக் குண்டூசியால குத்தி வெச்சிருக்காங்க. சீட்டு அசிங்கமா இருக்குன்னு பிச்சுப் போட்டுட்டு, 'கடைசியா வந்தவர் அளவு என் மனசுல இருக்கு'ன்னு அந்த டெய்லர் சொன்னா, உங்க சட்டையை அங்க குடுப்பீங்களா?"

"விடு, சமாளிச்சுக்கலாம்."

மறுநாள் அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். மாற்றத்தைச் செய்தவன் வேறொருவன். செய்து முடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சோதித்தார்கள், எல்லாம் சரியாக ஓடியது. ஓடாமல் என்ன? அலுவலகத்தில் சோதிப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் திறப்பார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சமாளி ஒரு தாளோடு வந்தார். "ஒரு சின்னக் கையெழுத்து" என்றார். அவர் வாயில் சின்னது என்றால் பெரியது என்று பொருள்.

தாளில், பேருந்து நிறுவனத்தின் கண் பரிசோதனைச் செயலியில் பிழை ஏதும் இல்லை, பதிவான தகவல்கள் பயனர் உள்ளிட்டவையே என்று இருந்தது.

"எதுக்கு இது?"

"அங்க டெஸ்ட் பண்ற ஒரு அம்மா ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கு. நல்லா கண்ணு தெரியற டிரைவருக்கு நிறக் குருடுன்னு பதிவு போட்டு அவரை வண்டியை விட்டு இறக்கிட்டாங்க. டாக்டர் மறுபடி பாத்தா, அவருக்கு ஒண்ணுமே இல்ல. வெள்ளிக்கிழமை விசாரணை. ஒப்பந்த வேலைதான், அனுப்பிடுவாங்க. கம்ப்யூட்டர் மேல தப்பில்லன்னு நம்ம கிட்ட ஒரு வரி கேக்கறாங்க. அந்தக் கோடை மொதல்ல எழுதினது நீதானே."

"மொதல்ல எழுதினது நான். இப்ப ஓடறது நான் எழுதினது இல்ல. பாக்காம கையெழுத்து போட மாட்டேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"கம்ப்யூட்டர் உண்மையும் சொல்லாது சார். நாம சொல்லச் சொன்னதைச் சொல்லும்."

அன்று மாலை வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நகரத்தின் பாதி உயரம் அவன் கைத்திறமையில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் காலரில் கிரீஸ் கறையோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"போடலன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"வேற டீமுக்குத் தூக்கிப் போடுவாங்க. இல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க."

"நான் சரி பண்ணின லிஃப்ட்டுல மொதல்ல நான் ஏறி மேல போய்க் கீழ வராம ஒரு தடவையும் கையெழுத்து போட்டதில்ல. நீயும் போய் ஏறிப் பாத்துட்டு வா."

"ஏறினா அந்து விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா தப்பு எங்கன்னு தெரிஞ்சுடும்ல?" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வெங்காயம்தான்.

பரிசோதனை நிலையம் பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை. முன்பு அது அலுவலகக் கட்டடத்தில் இருந்தது. இடம் போதவில்லை என்று இங்கே தள்ளிவிட்டார்கள். இணையம் மட்டும் பின்னால் வர மறுத்தது. உள்ளே ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு முனையில் எழுத்துப் பலகைக்கு மேல் விளக்கு. மறு முனையில் நாற்காலி. நடுவில் இருட்டு.

வாசலுக்கு வெளியே பெஞ்சில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. ஓட்டுநர்கள் அவளைக் கண்ணக்கா என்று கூப்பிடுவார்கள். பதினோரு ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் ஓட்டுநர்களின் கண்கள் அவள் பொறுப்பு. இப்போது கணினியைத் தொடக்கூடாது, ஆனால் நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவள் தலைக்கு மேலே அறிவிப்புப் பலகையில், 'பொய்யான பதிவு செய்ததற்காக விசாரணைக்கு உட்படுத்தப்படுகிறார்' என்ற தாள் அவள் பெயரோடு ஒட்டியிருந்தது. விசாரணை நடக்கும் முன்பே 'பொய்யான' என்ற சொல் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. நிரந்தர ஊழியர் என்றால் ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். ஒப்பந்த ஊழியர் என்றால் முதலில் சுவர், பிறகு வாசல்.

"நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியா மேடம்? எம்மேலதான் தப்புன்னு எழுதிக் குடுக்க வந்திருக்கீங்களா?" என்றாள் கண்ணக்கா. குரலில் கெஞ்சல் இல்லை, குத்தல் இருந்தது.

"எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்க்கா. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

கண்ணக்கா ஒரு நிமிடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொட்டினாள். "அன்னிக்கு ஒருத்தருக்கு நிறம் தெரியலன்னு போட்டேன், அது நெஜம். படத்துல இருக்கற கலர் புள்ளி எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுதுன்னாரு. பேரு ஞாபகமில்ல. ஆனா அது இப்ப வண்டியை விட்டு இறக்கின டிரைவர், நாங்க ஹாரன்னு கூப்பிடறோமே, அவரு இல்ல. ஹாரன் வாயைத் தொறந்தா பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்கும். இருட்டுல மூஞ்சி தெரியாது. ஆனா அந்தத் தொண்டை எனக்கு மறக்குமா?"

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ஃபெயில் போட்டேன்னு நீயே ஒத்துக்கறே, அப்புறம் என்ன'ங்கறாங்க. அன்னிக்குத்தான் ஹாரனுக்கும் எனக்கும் சண்டை. அதனால பழி வாங்கிட்டேனாம்."

ஃபெயில் ஆன ஆள் ஹாரன் இல்லையென்றால் அது யார்? இந்த ஒரு கேள்வியை அந்தக் கட்டடத்தில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் குற்றவாளியைத் தேடினார்கள். காரணத்தைத் தேட ஆளில்லை.

"சண்டை எதுக்கு?"

"அவரு அன்னிக்கு மொதல் ஆளா வந்துட்டாரு. மொதல் ஆளை நான் கடைசி வரைக்கும் உட்கார வெப்பேன். அதான் கத்திட்டு, வரிசைல பின்னால போய் நின்னுக்கிட்டாரு."

"ஏன் உட்கார வெப்பீங்க?"

"தெரியாதா உங்களுக்கு? முதல் பதிவு மட்டும் நிக்காது மேடம். தினமும் அப்படித்தான். சாயந்தரம் மீதி ஆளுங்க பட்டியலைத் திறந்து பாத்தா, காலைல வந்த மொதல் ஆளு மட்டும் பதிவாகாம நிப்பாரு. அவரை மறுபடி கூப்பிட்டு, போட்டு அனுப்புவேன். புகார் பண்ணினேன். சூப்பர்வைசர் சொன்னாரு, மெஷின் சூடேறணும்னு. டாக்டர் சொன்னாரு, இந்த ரூமே ராசியில்லைன்னு."

படித்த டாக்டர்! உடம்பின் நரம்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்தவர், ஒரு கணினியின் மீது அறையின் ராசியை ஏற்றிவிட்டார். ஓட்டுநர்களும் அதைப் பிடித்துக்கொண்டு, 'நீ முதல்ல போ' என்று வாசலில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிழையைச் சுற்றி ஒரு முழு மூடநம்பிக்கை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"பழைய ரூம்ல இப்படி ஆச்சா?"

"இல்ல. இங்க வந்த பொறவுதான்."

கறார் தன் மடிக்கணினியை எடுத்தாள். அதில் செயலியின் மாதிரி நகல் இருந்தது. அதில் என்ன பதிவு போட்டாலும் உண்மையான ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகாது. "அக்கா, தினமும் எப்படி வேலை பாப்பீங்களோ அப்படியே பாருங்க. இந்த இணையத்துலயே. எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் ஒரு டிரைவர், அவ்வளவுதான்."

"தொடக்கூடாதுன்னு..."

"அவங்க கம்ப்யூட்டரைத்தானே தொடக்கூடாது? இது என்னோடது."

கண்ணக்காவின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. இருட்டு அறைக்குள் போனார்கள். கறார் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணக்கா அவளுக்கு ஒரு எண் கொடுத்து, தேடி, பக்கத்தைத் திறந்தாள். பக்கம் ஆமை போல நகர்ந்து வந்து நின்றது. "இடது கண்ணை மூடுங்க. மேலேருந்து படிங்க."

கறார் எழுத்துகளைப் படித்தாள். நாலாவது வரியில் அவள் பார்வை பலகையை விட்டு விலகியது. கண்ணக்கா சும்மா நிற்கவில்லை. ஒரு கையால் விளக்கைச் சரிசெய்தபடி மறு கையால் புதிய டேப் ஒன்றைத் திறந்து, அடுத்த எண்ணை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னக்கா?"

"அடுத்த ஆளும்மா. பக்கம் வர அவ்வளவு நேரம் ஆகுதே, வெளில வெயில்ல நிக்கறாங்க பாவம். இவரு படிக்கறதுக்குள்ள அவரு பக்கம் வந்துடும். இங்க மாறின நாள்லேருந்து இப்படித்தான்." பிறகு முதல் டேப்புக்குத் திரும்பினாள். திரையில் கறாருடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கட்டங்களை நிரப்பி, 'பதிவு செய்' என்பதை அழுத்தினாள். 'பதிவானது' என்று வந்தது. யாருக்குப் பதிவானது என்று வரவில்லை.

கறார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். செஷன் என்ற அலமாரி ஒன்றுதான். அதில் கடைசியாகப் போட்ட எண், அடுத்த ஆளுடையது. திரையில் இருப்பது ஒருவர் பெயர். சர்வர் எழுதிக்கொண்டது இன்னொருவர் கணக்கில்.

"அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வெயில்ல நின்னவங்களைப் பாத்து இரக்கப்பட்டீங்க, அதுக்கு எங்க கோடுல எடமில்ல" என்றாள்.

திரும்பி வந்ததும் சர்வரில் இருந்த பதிவு நேரங்களை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அப்பட்டமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் எல்லாருடைய முடிவும் ஒரு ஆள் தள்ளிப் பதிவாகியிருந்தது. முதல் ஆளுக்கு ஒன்றும் இல்லை. சாயந்தரம் தனியாகப் பதிவானது. கடைசி ஆளுக்கு இரண்டு முறை. பெரும்பாலும் எல்லாரும் தேறியவர்கள் என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் தேறாத அன்றைக்குத்தான் அது வெளியே தலைநீட்டியது. அப்படியென்றால், ஹாரனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்...

அவள் சமாளியின் மேசைக்கு நடந்தாள். ஓடவில்லை என்று பின்னால் சொன்னாள். பார்த்தவர்கள் ஓடினாள் என்றார்கள்.

கேட்டு முடித்த சமாளி நெற்றியைத் தேய்த்தார். "தப்பு நம்மளதுன்னு சொன்னா ஒப்பந்தம் போயிடும்மா. சத்தமில்லாம கோடை மாத்திடுவோம். அந்த அம்மாவுக்கு வேற எங்கயாவது வேலை பாத்துக் குடுக்கலாம்..."

"சார், நிறம் தெரியாத ஒருத்தர் இப்ப பஸ் ஓட்டிக்கிட்டு இருக்காரு. அந்த பஸ்ல உங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போகலாம். இதை எப்படி சத்தமில்லாம சமாளிப்பீங்க?"

'சமாளிச்சுக்கலாம்' என்ற வார்த்தை சமாளியின் வாயிலிருந்து வராமல் நின்ற ஒரே நாள் அதுதான். "வா, வண்டியை எடுக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. பணிமனை மேலாளர் எரிச்சலோடுதான் பரிசோதனை அறைக்கு வந்தார். டாக்டரும் வந்தார். ஹாரனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வருகை படியேறும் முன்பே கேட்டது. கண்ணக்கா கதவோரம் நின்றாள். கறார் ஒரு நாற்காலியை இழுத்து அவளை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்தாள்.

"ஒரே நிமிஷம் சார். டாக்டர்தான் முதல் டிரைவர். மேலாளர் சார் அடுத்த டிரைவர். உங்க ரெண்டு பேருக்கும் எண் குடுத்திருக்கேன். அக்கா, டாக்டரைத் திறங்க."

கண்ணக்கா திறந்தாள். டாக்டரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது.

"இப்ப மேலாளர் சாரை இன்னொரு டேப்புல திறங்க. சரி. மறுபடி டாக்டர் பக்கத்துக்கு வாங்க. யார் பேர் இருக்கு, டாக்டர்?"

"என் பேருதான்."

"நிறம் தெரியலன்னு போடுங்கக்கா. பதிவு செய்ங்க." பிறகு கறார் முடிவுப் பக்கத்தைத் திறந்து, திரையை மேலாளர் பக்கம் திருப்பினாள். "படிங்க சார்."

மேலாளர் படித்தார். அவர் பெயர். நிறம் பிரித்தறியும் திறன்: இல்லை. பேருந்து ஓட்டத் தகுதி: இல்லை.

"இதென்ன அநியாயம்! என்னை யாரும் டெஸ்ட்டே பண்ணலையே!"

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லன்னு எங்ககிட்ட எழுதிக் கேட்டீங்களே சார். அப்ப உங்களுக்கு நிறம் தெரியாதுதானே?"

ஹாரன் வெடித்துச் சிரித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிரித்து முடித்ததும், அவருக்கே ஏதோ உறைத்து, கண்ணக்கா பக்கம் பார்த்தார். "அப்ப இந்தக் கண்ணக்கா எனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"உங்களுக்கு முன்னால உட்கார்ந்தவரோட முடிவு உங்க கணக்குல விழுந்துச்சு. உங்களுக்கு முன்னால யாரு?"

ஹாரன் யோசித்தார். அவர் யோசித்ததை அந்த அறை அன்றுதான் பார்த்தது. "புதுசா சேர்ந்தாரே, அந்த ஒல்லிப்பிச்சான். காலைல பஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே!"

மேலாளரின் எரிச்சல் இருந்த இடம் தெரியாமல் போனது. தொலைபேசியை எடுத்து அந்தப் பேருந்தை நிறுத்தச் சொன்னார். பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றபோதே மாற்று ஓட்டுநர் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார். மாலைக்குள் புதியவரைக் கூட்டிவந்து டாக்டரே பரிசோதித்தார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

"இத்தனை நாள் சிக்னல்ல எப்படிய்யா ஓட்டினே?"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன் சார். தேறிட்டேன்னு பதிவு வந்துச்சு. நீங்க பரவால்லன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நேரக் காப்பாளர் அறையில் அவருக்கு வேலை கொடுத்தார்கள்.

மேலாளர் கண்ணக்காவிடம் திரும்பி, "சரி, சரி, நாளைலேருந்து வந்து வேலையைப் பாரு" என்றார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார்.

"குத்தம்னு சொன்னது போர்டுல ஒட்டி" என்றாள் கறார். "குத்தம் இல்லன்னு சொல்றது மட்டும் வாயாலயா?"

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்ய வைத்தார். கறார் வாங்கிப் படித்தாள். 'நீண்ட காலப் பணியைக் கருதி மன்னிக்கப்படுகிறார்' என்று இருந்தது.

"மன்னிப்பா? இவங்க என்ன பண்ணினாங்கன்னு மன்னிப்பு?"

"அட, ஒரு வார்த்தைதானேம்மா!"

அதுவரை வாய் திறக்காத கண்ணக்கா எழுந்து நின்றாள். "அந்த ஒரு வார்த்தையால நாலு நாள் பெஞ்சுல உட்கார்ந்தேன் சார். மாத்தி எழுதுங்க. இல்லன்னா நான் இருட்டு ரூமுக்குத் திரும்ப மாட்டேன். பணிமனையில எவ்வளவு பேர் கண்ணுக்கு நான் கையெழுத்து போட்டிருக்கேன், இனி நீங்களே போட்டுக்குங்க."

"மாத்தி எழுதுங்க சார், எனக்கே வெக்கமா இருக்கு" என்றது ஹாரனின் தொண்டை, பணிமனைக்கே கேட்கும்படி. மாற்றி எழுதினார்கள். தவறு மென்பொருளுடையது, பரிசோதித்தவர் சரியாகவே செய்தார் என்று. பழைய தாளைக் கண்ணக்காவே கிழித்தாள். அதே இடத்தில் புதியதை ஒட்டினாள்.

அடுத்த இரண்டு நாட்களில் கறார் கோடைப் பழையபடி மாற்றினாள். ஓட்டுநரின் எண் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அந்த எண்ணைப் பதிவு செய்ய இவருக்கு உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதித்தது. 'பதிவானது' என்பதற்குப் பக்கத்தில் யாருக்கு என்ற பெயரும் வந்தது. அந்தத் தகர அறையில் பரிசோதிக்கப்பட்ட எல்லாரையும் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மேலாளர் முனகினார், ஆனால் அழைத்தார். சமாளி கொடுத்த புதிய கடிதத்தில் தவறு எங்களுடையது என்று இருந்தது. ஒப்பந்தம் போகவில்லை, போயிருந்தாலும் அந்தக் கடிதம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். சோதித்து முடித்த பிறகு, அதன் அடியில் கறார் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் தகர அறையின் வாசலில் வழக்கமான தள்ளுமுள்ளு. ஆளுக்கு ஆள் அடுத்தவர் முதுகைத் தள்ளினார்கள். ஹாரன் எல்லாரையும் விலக்கிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் மொதல் ஆளு. இப்பவாவது நிக்குமா கண்ணக்கா?"

அவள் பக்கத்தைத் திறந்தாள். முகவரியின் வாலில் இருந்த எண்ணையும் அவர் அட்டையில் இருந்த எண்ணையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கை பழக்கத்தில் புதிய டேப்பைத் திறந்து அடுத்த ஆளின் எண்ணை அடித்தாள்.

"நிக்கும். இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க. மெதுவா, காதுக்கு ஆகாது."